எந்த ஸ்கூல், எத்தனாம் கிளாஸ்?

மும்பை மாட்டுங்காவில் காபிக்கொட்டை வறுபடும் வாசனையிலேயே வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளுக்கு வீட்டில் காபி கிடையாது. கேட்டால் ஒரே பதில்தான்: "காபி குடிச்சா கறுத்துப் போயிடுவே." கறுப்பை ஏதோ கேடு என்று நம்பிய அந்தப் பேச்சுக்கு இன்று நியாயம் சொல்ல முடியாது. எத்தனை பிள்ளைகளை அது கண்ணாடி முன் நின்று அழவைத்தது என்பது தனிக் கட்டுரைக்கான விஷயம். ஆனாலும் அந்தப் பொய்க்குள் ஒரு காவல் இருந்தது. இது பெரியவர்கள் குடிக்கிற பண்டம், நீ வளர்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பதைக் காஃபீன் என்ற சொல்லையே கேட்டிராத பாட்டிகள் இப்படித்தான் சொல்லிவைத்தார்கள்.

இன்று அந்தப் பாட்டியின் கொள்ளுப்பேரன் சயான் ஸ்டேஷனிலிருந்து தாராவிக்குள் நடக்கிற வழியில் ஒரு கடையில் நிற்கிறான். சீருடை, முதுகில் பை, கழுத்தில் அடையாள அட்டை. சிவப்பாக ஏதோ நிரம்பிய 250 மில்லி பாட்டிலைக் காட்டி இருபது ரூபாயை நீட்டுகிறான். நின்ற இடத்திலேயே குடித்து முடித்துவிட்டு மூடியைக் காலால் எத்திக்கொண்டே போகிறான். ஒரு டம்ளர் ஃபில்டர் காபியில் இருப்பதற்குக் கிட்டத்தட்ட ஈடான காஃபீன் அந்தப் பாட்டிலிலும் இருக்கிறது. ஆனால் குடித்தால் சிவந்துபோவாய் என்று பயமுறுத்த அங்கே யாருமில்லை.

எனர்ஜி டிரிங்க் இந்த ஊருக்குப் புதிதல்ல. பல வருடங்களாக அது நூறு ரூபாய்க்கு மேல் விலைபோகும் ஒல்லி டின்னாக, இரவு ஷிப்டு பார்க்கிற ஐ.டி. ஊழியர்களுக்கும் ஜிம் போகிறவர்களுக்கும் உரியதாக இருந்தது. அந்த விலையே ஒரு வேலியாக நின்றது. பிளாஸ்டிக் பாட்டிலில் அடைத்து இருபது ரூபாய்க்கு இறக்கியபோது வேலி சாய்ந்தது. இருபது ரூபாய் என்பது தாராவியில் ஒரு பிள்ளையின் இடைவேளைக் காசு. ஒரு வடாபாவ், அல்லது இந்தப் பாட்டில். வடாபாவ் வயிற்றை நிரப்பும், பாட்டில் கெத்தைக் கொடுக்கும். பன்னிரண்டு வயதில் எது ஜெயிக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதிப்படி 'காஃபீன் கலந்த பானம்' என்ற பெயரில் விற்கப்படும் பண்டத்தில் லிட்டருக்கு 145 மில்லிகிராமுக்குக் குறையாமலும் 300 மில்லிகிராமுக்கு மிகாமலும் காஃபீன் இருக்கலாம். உச்ச அளவை எடுத்துக்கொண்டால் 250 மில்லி பாட்டிலில் 75 மில்லிகிராம். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015இல் வெளியிட்ட மதிப்பீடு, பிள்ளைகளுக்கு ஒரு நாளில் உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 3 மில்லிகிராம் வரை கவலையில்லை என்கிறது. இருபத்தைந்து கிலோ எடையுள்ள மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு அது சரியாக 75. ஒரே பாட்டிலில் அன்றைய கணக்கு தீர்ந்தது. பிறகு வீட்டில் குடிக்கிற டீயும் தின்கிற சாக்லேட்டும் அதற்கு மேல். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் அமைப்பு இப்படி மில்லிகிராம் கணக்குக்குள்ளேயே போகவில்லை. பிள்ளைகளின் உணவில் இந்தப் பானங்களுக்கு இடமே இல்லை என்று 2011இலேயே சொல்லிவிட்டது.

இதெல்லாம் பாட்டிலிலும் இருக்கிறது. பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் பால் கொடுக்கும் தாய்மாருக்கும் பரிந்துரைக்கப்படுவதில்லை, நாளொன்றுக்கு 500 மில்லிக்கு மேல் வேண்டாம் என்று அச்சிட்டாக வேண்டும் என்பது விதி. அச்சிட்டும் இருக்கிறார்கள், எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்தில், ஆங்கிலத்தில். சட்டப்படி லேபிள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருந்தால் போதும். தமிழும் மராத்தியும் மட்டும் படிக்கத் தெரிந்த ஒரு தாராவித் தாய்க்கு அந்த எச்சரிக்கை இல்லாததற்குச் சமம். சிகரெட் பெட்டியில் 85 சதவீத இடத்தை எச்சரிக்கைக்கு ஒதுக்கவைத்த அதே அரசுதான் இந்த எறும்பு எழுத்துக்கும் ஒப்புதல் கொடுத்திருக்கிறது.

மகாராஷ்டிர சட்ட மேலவையில் 2024 ஜூலையில் இந்தப் பேச்சு வந்தது. உறுப்பினர் சத்யஜீத் தாம்பே கேள்வி எழுப்ப, அப்போதைய உணவு, மருந்து நிர்வாகத் துறை அமைச்சர் தர்மராவ்பாபா ஆத்ராம், பள்ளிகளைச் சுற்றி 500 மீட்டருக்குள் காஃபீன் மிகுந்த எனர்ஜி டிரிங்க் விற்கத் தடை உத்தரவு வரும் என்றார். எந்தெந்தப் பானங்கள் என்று பட்டியல் போட்டு மாநிலம் முழுவதும் அதிகாரிகளுக்கு அனுப்பும்படி மேலவைத் துணைத் தலைவர் நீலம் கோர்ஹே சொன்னார். நல்ல செய்தி என்று நானும் அன்று மகிழ்ந்தவன்தான். பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

500 மீட்டர் ஆரத்தில் ஒரு வட்டம் போட்டால் அதன் பரப்பு முக்கால் சதுர கிலோமீட்டருக்குச் சற்று மேல். தாராவி முழுவதுமே இரண்டரைச் சதுர கிலோமீட்டருக்குள் அடங்கும். அதாவது மூன்று பள்ளிக்கூடங்களைச் சுற்றி வட்டம் போட்டால் பரப்புக் கணக்கில் தாராவி ஏறக்குறையத் தீர்ந்துபோகும். தாராவியில் மூன்று பள்ளிக்கூடம்தானா இருக்கிறது? டிரான்சிட் கேம்ப் மாநகராட்சிப் பள்ளியில் தொடங்கி, காமராஜர் பெயரைத் தாங்கிய பள்ளியையும் சந்துக்குள் மாடியில் நடக்கும் பள்ளிகளையும் சேர்த்து எண்ணிக்கொண்டே போகலாம். ஆக, அந்த விதியை எழுத்துப்படி நடத்தினால் தாராவியின் எந்தக் கடையிலும் எந்தப் பெரியவருக்கும் அந்தப் பாட்டிலை விற்க முடியாது. அப்படி ஒரு தடையை யாரும் நடத்தப் போவதில்லை. நடத்த முடியாத விதி அதிகாரிக்கு மாமூல் வாங்கும் வழியாகும், கடைக்காரருக்கு இன்னொரு செலவாகும், பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது.

நம் சட்டங்களுக்கு இந்த அடிக்கணக்கின் மேல் தீராத ஆசை. புகையிலைக்கு, 2003 சட்டப்படி, கல்வி நிறுவனத்திலிருந்து 100 கெஜம். கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த தின்பண்டத்துக்கு, 2020 விதிப்படி, பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டர். எனர்ஜி டிரிங்குக்கு 500. ஒவ்வொரு பண்டத்துக்கும் ஒரு சங்கிலி பிடித்து அளக்க வேண்டும். சங்கிலியின் ஒரு முனையில் பள்ளி வாசல், மறு முனையில் கடை. வாங்குகிற பிள்ளை இந்த அளவையில் எங்குமே வருவதில்லை. விடுமுறை நாளில் சயான் கோலிவாடாவிலிருந்து பிரதீக்ஷா நகருக்குக் கிரிக்கெட் ஆடப் போகிற பையனுக்கு எந்தப் பள்ளியின் மீட்டர் பொருந்தும்?

என் வாதம் எளிது. தூரத்தை அளப்பதை விட்டு ஆளைப் பாருங்கள். மதுவுக்கு அப்படித்தானே வைத்திருக்கிறோம்? மகாராஷ்டிரத்தில் மது வாங்க 25 வயது, பீருக்கு 21. பதினெட்டு வயது ஆகாதவருக்குப் புகையிலை விற்கக் கூடாது. பிள்ளைகளுக்கு மதுவோ புகையிலையோ போதைப் பொருளோ கொடுப்பவருக்கு 2015 சிறார் நீதிச் சட்டத்தின் 77ஆம் பிரிவு ஏழு ஆண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் வரை அபராதமும் வைத்திருக்கிறது. அதே குற்றத்துக்குப் புகையிலைச் சட்டத்தில் அபராதம் 200 ரூபாய்தான். எந்தச் சட்டம் பாய்கிறது என்பது கடைக்காரர் யார், பிடித்தவர் யார் என்பதைப் பொறுத்தது என்று சொன்னால் யாரும் என்மேல் வழக்குப் போட மாட்டார்கள் என நம்புகிறேன். இந்தப் பட்டியல் எதிலும் காஃபீன் பாட்டில் இல்லை. 'பரிந்துரைக்கப்படுவதில்லை' என்று எழுதியிருப்பதால், விற்றால் குற்றம் என்று ஆகிவிடாது.

ஆனால் இந்தப் பண்டம் எப்படிப்பட்டது என்று அரசின் கஜானாவுக்கு நன்றாகவே தெரியும். 2025 செப்டம்பர் 22 முதல் காஃபீன் பானங்களுக்கு ஜி.எஸ்.டி. 40 சதவீதம். அதற்கு முன்பும் வரியும் செஸ்ஸும் கூடினால் அதே நாற்பதுதான். கேடு தரும் பண்டங்களுக்கென்று வைத்த உச்ச வரி அது. இருபது ரூபாய்ப் பாட்டிலில் ஐந்து ரூபாய் எழுபது காசு வரியாகப் போகிறது. ஆறாம் வகுப்புப் பையன் இடைவேளையில் கட்டுகிற வரி. வாங்கிக்கொள்கிற கை, அவன் வயதைக் கேட்பதில்லை.

இனி கடைக்காரர் பக்கம் வருகிறேன், அங்கேதான் நிறைய இருக்கிறது.

'துணையில்லாமல் கடைக்கு வரும் பிள்ளை' என்று சட்டப் புத்தகம் சொல்லும்போது அது ஏதோ அரிய சம்பவம் போல ஒலிக்கிறது. தாராவியிலும் சயானிலும் துணையோடு வரும் பிள்ளைதான் அரிது. மாநகராட்சிப் பள்ளிகளில் பலவும் இரண்டு ஷிப்டில் நடக்கின்றன. காலை ஷிப்டுப் பிள்ளை மதியம் வீடு திரும்பும்போது அப்பா தோல் பட்டறையிலோ டாக்ஸியிலோ இருப்பார், அம்மா மாட்டுங்காவிலோ செம்பூரிலோ நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருப்பார். மாலை ஏழு மணிவரை அந்தப் பிள்ளைக்குத் தெரு, தெருவில் கடை, கடையில் அண்ணாச்சி. பள்ளி வாத்தியாரைவிட, அக்கம்பக்கத்து மாமியைவிட, அந்தப் பிள்ளையின் முகத்தை ஒரு நாளில் அதிக முறை பார்க்கும் பெரியவர் கடைக்காரர்தான்.

திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து இங்கே கடை போட்டவர்களிடம் ஒரு கணக்கு நோட்டு இருக்கும். நீள நோட்டு, நூலில் கட்டிய பேனா. "அம்மா எழுதிக்கச் சொன்னாங்க" என்று பிள்ளை சாமான் வாங்கும், மாதம் பிறந்தால் அம்மா வந்து பைசல் செய்வார். அப்போது ஒவ்வொரு வரியையும் வாசித்துக் காட்ட வேண்டும். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. 1872 ஒப்பந்தச் சட்டப்படி மைனரோடு போட்ட ஒப்பந்தம் செல்லாது. பிள்ளையின் வாழ்க்கைக்கு அவசியமானதைக் கொடுத்திருந்தால் மட்டும், அந்தப் பிள்ளையின் சொத்திலிருந்து கேட்கலாம். அண்ணாச்சி அந்தச் சட்டத்தைப் படித்ததில்லை. ஆனால் பருப்பும் எண்ணெயும் எழுதினால் காசு வரும், மிட்டாயும் சோடாவும் எழுதினால் "யாரைக் கேட்டுக் குடுத்தீங்க?" என்று சண்டை வரும் என்பது அவருக்குத் தெரியும். ஆகவே, "அம்மாவைக் கூட்டிட்டு வா, தர்றேன்" என்பார். பிள்ளைமேல் இருந்த பாசம் கொஞ்சம், வசூல் பயம் மிச்சம். இரண்டும் சேர்ந்து காவல் காத்தன.

இப்போது கல்லாவில் நோட்டுக்குப் பதில் ஒரு சதுரக் கட்டம் ஒட்டியிருக்கிறது. அப்பாவின் பழைய போனோடு பிள்ளை வருகிறது, அதைக் கட்டத்துக்கு நேரே காட்டுகிறது, பணம் வந்ததென்று ஒரு பெட்டி கத்துகிறது. என்ன வாங்கினான் என்று எங்கும் பதிவில்லை. மாதக் கடைசியில் அம்மாவுக்குத் தெரிவது தொகை மட்டும்தான். நான் பழைய காலத்துக்காகக் கண்ணீர் விடுகிற ஆளல்ல. கடனுக்காக அந்த நோட்டின் முன்னால் கைகட்டி நின்ற பெண்களைப் பார்த்திருக்கிறேன், அது போனதில் அவர்களுக்கு விடுதலை. ஆனால் நோட்டு செய்துகொண்டிருந்த ஒரு வேலையை இப்போது யாரும் செய்யவில்லை என்பதை மட்டும் சொல்ல வேண்டும். பத்து நிமிடத்தில் வீட்டு வாசலுக்கு வரும் டெலிவரியில் கேள்வி கேட்கக் கல்லாவே கிடையாது.

கடைக்காரரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது சுலபம். ஆனால் அவர் கடையில் மின்னும் கண்ணாடிக் கதவு ஃப்ரிட்ஜ் அவருடையதல்ல, பல கடைகளில் அது குளிர்பான கம்பெனி கொடுத்தது. எந்தப் பாட்டில் எந்தத் தட்டில் இருக்க வேண்டும் என்பதையும் கம்பெனி ஆள் வந்து சொல்லிவிட்டுப் போவார். எங்கள் தெருவில் நான்கு கடைகளில் குனிந்து பார்த்தேன். மூன்றில் அந்தச் சிவப்புப் பாட்டில் என் நெஞ்சு உயரத்தில், அதாவது பத்து வயதுப் பிள்ளையின் கண் மட்டத்தில் இருந்தது. ஒரு கடையில் 'கூலிங்' என்று சொல்லி இருபதுக்கு இருபத்திரண்டு வாங்கினார்கள். அச்சிட்ட விலைக்கு மேல் ஒரு காசு வாங்கினாலும் சட்டப்படி தவறு. பெரியவர்கள் சண்டை போடுவார்கள், பிள்ளைகள் கொடுத்துவிட்டுப் போவார்கள். நான்காவது கடையில் கல்லாவில் உட்கார்ந்திருந்ததே ஒரு பன்னிரண்டு வயதுப் பெண், அப்பா சரக்கு எடுக்கப் போயிருக்கிறார். பள்ளி நேரம் போக மிச்ச நேரத்தில் குடும்பத் தொழிலில் பிள்ளை கைகொடுக்கலாம் என்று 2016இல் திருத்திய குழந்தைத் தொழிலாளர் சட்டம் இடம் கொடுக்கிறது. பிள்ளை விற்கிறது, பிள்ளை வாங்குகிறது. இதில் யார் யாருடைய வயதைக் கேட்பது?

விற்க மாட்டேன் என்று ஒரு கடைக்காரர் நின்றால் என்ன ஆகும்? எதிர்க்கடைக்கு வியாபாரம். அதனால்தான் இதை ஒவ்வொரு கடைக்காரரின் மனசாட்சியிடம் விட்டுவிட முடியாது என்கிறேன். பிரிட்டனில் பெரிய சூப்பர் மார்க்கெட்டுகள் 2018இல் தாமாகவே முன்வந்து பதினாறு வயதுக்குக் கீழ்ப்பட்டவருக்கு விற்பதில்லை என்று முடிவெடுத்தன. தெருமுனைக் கடைகள் பலவற்றில் விற்பனை தொடர்ந்தது. அதனால் 2025 செப்டம்பரில் இங்கிலாந்துக்கு ஒரு சட்டத் தடையைப் பற்றி அரசு கருத்துக் கேட்க வேண்டிவந்தது. லிதுவேனியா 2014இலும் லாட்வியா 2016இலும் நேராகப் பதினெட்டு வயது என்று சட்டம் போட்டுவிட்டன. போலந்தில் 2024 ஜனவரி 1 முதல் அதே பதினெட்டு. லிட்டருக்கு 150 மில்லிகிராமுக்கு மேல் காஃபீன் இருந்தால் வயதுச் சீட்டு கேட்கலாம். எல்லோருக்கும் ஒரே விதி என்றால் நல்ல கடைக்காரருக்கு நஷ்டமில்லை. பஞ்சாபும் 2025இல் இந்தப் பானங்களுக்கு எதிராகப் பள்ளிகளிலும் அவற்றைச் சுற்றியும் நடவடிக்கை எடுத்தது, பழைய அடிக்கணக்கோடுதான்.

வயதை எப்படிக் கண்டுபிடிப்பது, தாராவியில் எவன் ஆதாரைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சுற்றுகிறான் என்று கேட்பார்கள். சீருடையும் கழுத்து அட்டையும் போதும் என்பது என் பதில். மீறி ஏமாற்றினால் அது பையனின் சாமர்த்தியம், கடைக்காரருக்குத் தண்டனை வேண்டாம். தண்டனை வேண்டியது கம்பெனிக்கு: பிள்ளையின் கண் மட்டத்தில் வைக்கச் சொன்னதற்கும், எறும்பு எழுத்துக்கும்.

ஒரு பயமும் எனக்கு உண்டு. இப்படிப் பேசப் பேச, துணையில்லாத பிள்ளைகள் கடைக்கே வர வேண்டாம் என்று பலகை மாட்டும் நாள் வந்துவிடக் கூடாது. செம்பூர் பக்கம் உள்ள மால் ஒன்றின் வாசலில், செருப்பில்லாத இரண்டு பையன்களைக் காவலாளி விரட்டியதைப் பார்த்தேன். அவர்கள் ஐஸ்கிரீமுக்கு எண்ணி வைத்திருந்த காசு கையில் இருந்தது. கடைக்குப் போய்வருவது ஒரு பாடசாலை. மீதி எண்ணி வாங்கத் தெரிவது, மறக்காமல் மூன்று சாமான் சொல்வது, பெரியவர்கள் முண்டியடிக்கும்போது "நான் முதல்ல வந்தேன்" என்று குரல் கொடுப்பது எல்லாம் அங்கேதான் வருகின்றன. பிள்ளை கையில் ஒரு துண்டு வெல்லமோ நாலு பொட்டுக்கடலையோ கொசுறாக வைத்த கடைக்காரர், அந்தப் பிள்ளையை ஒரு வாடிக்கையாளராக மதித்தார். மதிப்பது என்றால் சில்லறைக்குப் பதில் சாக்லேட்டைத் திணிக்காமலிருப்பது, தேதி போன பிஸ்கட்டைத் தள்ளிவிடாமலிருப்பது, பெரியவர்களின் கை நீளும்போது சின்னக் கையை மறக்காமலிருப்பதும்தான்.

அந்தப் பொறுப்பு விற்பதோடு முடிவதுமில்லை. தொலைந்துபோன பிள்ளை முதலில் ஒதுங்குவது கடைக்குத்தான், அங்கே வெளிச்சம் இருக்கும். அப்படி ஒரு பிள்ளையைக் கண்டு தன் பொறுப்பில் வைத்துக்கொள்ளும் எவரும் 24 மணி நேரத்துக்குள் தகவல் தர வேண்டும், தராவிட்டால் ஆறு மாதம் வரை சிறையோ பத்தாயிரம் ரூபாய் அபராதமோ உண்டு என்கிறது சிறார் நீதிச் சட்டம். அழைக்க வேண்டிய எண் 1098. இது எங்கிருந்தோ வந்த எண்ணல்ல. செம்பூரைத் தாண்டி தேவ்னாரில் இருக்கும் டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தில் ஜெரூ பில்லிமோரியா 1996இல் தொடங்கிய முயற்சி, நாடு முழுக்கப் போனது. பஸ்ஸில் அரை மணி தூரத்தில் பிறந்த எண். எங்கள் தெருவில் அதை எழுதி ஒட்டிய ஒரு கடையைக்கூட நான் பார்க்கவில்லை. பதினெட்டு வயதுக்குக் கீழே புகையிலை விற்பதில்லை என்று சட்டம் கேட்கும் பலகை மட்டும் ஒரு பான் கடையில் இருந்தது, அதன்மேல் கைனி சரம் தொங்கியது.

போன வாரம் எனக்குப் பழக்கமான ஒரு அண்ணாச்சியிடம் இதையெல்லாம் பேசிக்கொண்டிருந்தேன். கேட்டுக்கொண்டே அந்தப் பாட்டில்களை ஃப்ரிட்ஜின் மேல்தட்டுக்கு மாற்றினார். "கம்பெனிக்காரன் வந்தா திட்டுவான், பரவாயில்ல" என்றார். மதியம் பன்னிரண்டரை. ஷிப்டு மாறும் நேரம். ஒரு பையன் வந்து எம்பி, மேல்தட்டைக் காட்டினான்.

"எந்த ஸ்கூல், எத்தனாம் கிளாஸ்?"

"பத்தாவது."

அண்ணாச்சி கல்லாவிலிருந்து எட்டி, அவன் கழுத்து அட்டையைத் திருப்பிப் பார்த்தார். ஆறாம் வகுப்பு, பி பிரிவு. "லெமன் ஷர்பத் போட்டுத் தர்றேன், பத்து ரூபாதான்" என்றார். பையன் ஒரு கணம் யோசித்தான். பிறகு இருபது ரூபாயைச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டு, எதிர்க்கடையை நோக்கிச் சாலையைக் கடந்தான்.